மாவட்டந்தோறும் ஊர்க்கணக்குகளுக்கு ஓர் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்கா, மொரீஷியஸ், ஃபிஜி ஆகிய நாடுகளில் தலைமுறைகளாக வாழும் தமிழர்கள் தங்கள் பூர்விக ஊரைத் தேடி வருவது பற்றி நாளிதழ்களில் அவ்வப்போது செய்தி வருகிறது. ஊர் எல்லையில் மாலை மரியாதை, குலதெய்வக் கோயிலில் பொங்கல், கட்டிப்பிடித்து அழும் உறவினர்கள் என்று படங்களும் வருகின்றன. மகிழ்ச்சியான செய்திகள்தான். ஆனால் ஊர் எல்லை வரை போய்ச் சேராமல் தாலுகா அலுவலக வராந்தாவோடு திரும்பிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை என்பதால் நான் எழுதுகிறேன்.

நான் திருவண்ணாமலை மாவட்டத்தில் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். 1980 நவம்பரில் பரம்பரைக் கணக்குப்பிள்ளை, மணியக்காரர் பதவிகள் ஒழிக்கப்பட்ட பிறகு தேர்வெழுதி வேலைக்கு வந்த தலைமுறை. என் முதல் கிராமத்தில் பொறுப்பேற்றபோது, அங்கே கணக்கு எழுதிய பெரியவர் என்னைத் திண்ணையில் உட்கார வைத்து, பசலி என்னும் வருவாய்க் கணக்கு ஆண்டைப் பார்ப்பது, அடங்கல் என்னும் பழைய சாகுபடிக் கணக்கில் மா, காணி, முந்திரி என்னும் பின்னக் குறிகளைப் படிப்பது எல்லாவற்றையும் பொறுமையாகக் கற்றுக் கொடுத்தார். பதவி போன வருத்தத்தை அவர் என்னிடம் காட்டவில்லை. “கணக்கு கெட்டால் ஊர் கெட்டது, தம்பி” என்பார். அவரிடம் படித்ததால்தான், ஓய்வுக்குப் பின் பூர்விகம் தேடி வருபவர்கள் யார் யாரோ சொல்லி என் வீட்டுக்கு வருகிறார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே டோங்காட் என்னும் கரும்புத் தோட்டப் பகுதியில் பிறந்த அம்மையார். ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். தமிழில் பாட்டி சொல்லிக் கொடுத்த சில வார்த்தைகளும் மாரியம்மன் பாட்டு ஒன்றும் தெரியும். என்னை ‘அண்ணா’ என்றுதான் அழைத்தார். குடும்பத்தின் பெயரை எழுத நான் அனுமதி கேட்கவில்லை, ஆகவே இங்கே விட்டுவிடுகிறேன். அவர் கையில் இருந்தது ஒரே ஒரு தாள். அவருடைய பாட்டனாரின் தந்தை கப்பலேறிய பதிவு.

அந்தத் தாளைப் பற்றி வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1860 நவம்பர் 16-ஆம் தேதி சென்னையிலிருந்து போன ‘ட்ரூரோ’ என்ற கப்பல் டர்பனை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை, டர்பன் இருக்கும் நடால் பகுதியின் கரும்புத் தோட்டங்களுக்கும் ரயில்வேக்கும் சுரங்கங்களுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற இந்தியர்கள் 1,52,184 பேர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள அடையாளம், எந்த முதலாளியிடம் அனுப்பப்பட்டார் என்பதுவரை எழுதி வைத்தார்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம், முதலாண்டில் மாதம் பத்து ஷில்லிங் கூலி. ஆள் தப்பி ஓடினால் பிடிப்பதற்காகவே மச்சத்தையும் தழும்பையும் எழுதினார்கள் என்று நினைக்கும்போது நெஞ்சு வலிக்கிறது. ஆனாலும் அந்தப் பட்டியல்கள் இன்றும் இருக்கின்றன. டர்பனில் க்வாஸுலு-நடால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதுலி ஆவண மையம் அவற்றைக் கணினியில் ஏற்றியிருக்கிறது. கொள்ளுப் பேரன் பேத்தி யாரானாலும் எண்ணைச் சொல்லித் தேடலாம்.

அம்மையாரின் தாளில் ஜில்லா வடஆற்காடு, தாலுகா போளூர், வயது இருபது, இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு என்று இருந்தது. கப்பல் போனது 1880-களில். கிராமத்தின் பெயரை எழுதிய குமாஸ்தா காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். குறில் நெடில் எதுவும் தெரியவில்லை. அந்த எழுத்துக்குப் பொருந்தும் கிராமங்கள் சுற்றுவட்டாரத்தில் ஒன்றுக்கு மேல் உண்டு.

இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். உங்கள் முன்னோரின் பெயரை மட்டும் பார்க்காதீர்கள். அதற்கு முன்னும் பின்னும் உள்ள எண்களைப் பாருங்கள். ஆள் சேர்ப்பவர் ஒரு வட்டாரத்தில் சுற்றி, கிடைத்தவர்களைக் கூட்டமாக அழைத்துப் போய்ப் பதிவு செய்வார். அடுத்தடுத்த எண்களில் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் வந்துவிடுவார்கள். அம்மையாரின் மகன் டர்பனிலிருந்து அந்தப் பக்கத்தை முழுவதுமாக வரவழைத்தார். அதில் செய்யாற்றங்கரை ஊர்கள் இரண்டின் பெயர்கள் ஐயத்துக்கு இடமில்லாமல் இருந்தன. அவற்றுக்கு நடுவே உள்ள ஊர்தான் நாங்கள் தேடியது என்று அப்போது தெளிந்தது.

ஜில்லா என்ற வார்த்தையிலும் சிக்கல் உண்டு. அன்றைய வடஆற்காடு ஜில்லாவின் தலைநகர் சித்தூர். 1911-ல் சித்தூர் தனி ஜில்லாவாகப் பிரிந்தது. 1953-ல் ஆந்திரத்தோடு போனது. 1960-ல் திருத்தணி மட்டும் திரும்பி வந்தது. எஞ்சிய வடஆற்காடு 1989-ல் இரண்டாகி, அதில் வேலூர் 2019-ல் மூன்றானது. திருவண்ணாமலை தாலுகாவோ 19-ஆம் நூற்றாண்டில் தென்னாற்காட்டில் இருந்தது. ‘வடஆற்காடு’ என்ற ஒரு வார்த்தையோடு விமானம் ஏறி வரும் ஒருவர் எந்த மாவட்ட ஆட்சியரகத்தின் படியில் ஏறுவார்? மாவட்டம் பிரியும்போதெல்லாம் கோப்புகளும் மூட்டை மூட்டையாகப் பிரிந்து லாரியில் போயின. எது எங்கே போனது என்பதற்குப் பட்டியல் இருந்தால்கூடப் போதும். அதுவும் இல்லை.

ஊர் தெரிந்ததும் அந்த இளைஞர் ஏன் போனார் என்ற கேள்வி அம்மையாருக்கு வந்தது. அதற்கு ஊர் வரலாறு பதில் சொல்லும். 1884 வாக்கில் இருபது வயது என்றால் 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தின்போது அவர் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறுவர். பஞ்ச நிவாரண வேலைக்குப் போனவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் என்று அரசு கூலியைக் குறைத்த காலம் அது. அந்தச் சிறுவனின் வீட்டில் எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்று எந்தக் கணக்கிலும் இல்லை. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856-லேயே ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. போளூர்ப் பக்கத்திலிருந்து நடந்து வந்து அங்கே ரயிலேறினால் சென்னைத் துறைமுகம் தூரமில்லை. இதை நான் சொன்னபோது அம்மையார் குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தார். ஓடிப்போனவர் என்று தங்கள் வீட்டில் சொல்வார்கள் என்றும், பசிக்குப் பயந்து போனவர் என்று யாரும் சொன்னதில்லை என்றும் பிறகு சொன்னார்.

இனி எங்கள் பக்கத்துக் கணக்குக்கு வருகிறேன். பூர்விகம் தேடுகிறவர்கள் வழக்கமாகக் கேட்பது பட்டா, சிட்டா, அ-பதிவேடு. நிலம் இருந்தவனுக்கு அது சரி. கப்பலேறிப் போனவர்களில் பெரும்பாலோர் பட்டாவில் பெயர் ஏறாதவர்கள், பிறர் நிலத்தில் உழைத்தவர்கள். நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் 1980-களில் எழுதிய பதிவேட்டைப் புரட்டி அவர்களைத் தேடுவது வீண். அவர்கள் பெயர் வரக்கூடிய இடங்கள் வேறு: தலையாரி, தோட்டி, வெட்டியான், ஏரி நீர் பாய்ச்சுகிறவர், குயவர், நாவிதர் போன்றோருக்கு ஊர் வேலைக்கு ஈடாக விடப்பட்ட ஊழிய மானியங்களின் பதிவு; இப்படிப்பட்ட மானிய நிலங்களை விசாரிக்க 1858-இல் ஏற்பட்ட இனாம் கமிஷன் எழுதிய பதிவேடுகள்; 1899-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கிராம முன்சீப் எழுதி மாதந்தோறும் தாலுகாவுக்கு அனுப்பிய பிறப்பு இறப்புப் பதிவேடு. கிறிஸ்தவக் குடும்பமானால் ஞானஸ்நானப் பதிவேடு. அரசுக் கணக்குக்கு வெளியே, குலதெய்வக் கோயில் வரி நோட்டும் பழைய மொய் நோட்டும். பங்காளிகள் யார், மாமன் மச்சான் யார் என்பதை மொய் நோட்டைப் போல் வேறெதுவும் காட்டிக் கொடுக்காது. அதை யாரும் ஆவணமாக நினைப்பதில்லை என்பதே என் நெடுநாள் ஆதங்கம்.

அந்தக் கிராமத்தின் பழைய கணக்குக்காக அம்மையாரோடு ஓர் அலுவலகத்தின் பதிவறைக்குப் போனேன். நான் வேலை பார்த்த துறை, எனக்கு அங்கே மரியாதை உண்டு. உதவியாளர் நல்ல பிள்ளை, உண்மையாகவே தேடினார். அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த கட்டுகளைக் கரையான் அரித்து மண்ணாக்கியிருந்தது. பிறப்பு இறப்புப் பதிவேடுகள் கழிவுக் காகிதத்தோடு போய்விட்டன என்று தெரியவந்தது. எந்த ஆண்டு, யார் உத்தரவு என்று சொல்ல அங்கே ஒருவருமில்லை. அம்மையார் கோபப்படவில்லை. ‘எங்கள் ஊரில் கூலிக்காரர்களின் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள், இங்கே ஏன் அண்ணா?’ என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

கடைசியில் கை கொடுத்தது பழைய கணக்குப்பிள்ளை வீட்டுப் பரண். அவருடைய பேரன் சிவப்புத் துணியில் கட்டிய கட்டு ஒன்றை இறக்கினார். ஊழிய மானியக் கணக்கின் பிரதி. ஏரி மதகைத் திறந்து நீர் பாய்ச்சும் ஊழியத்துக்குச் சிறு மானியம் பெற்றவராக, அம்மையாரின் தாளில் உள்ள தந்தை பெயரும் சாதியும் அதில் இருந்தன. தமிழ் எண்ணில் எழுதிய பசலி 1280. அதோடு 590-ஐக் கூட்டினால் 1870. காலம் பொருந்துகிறது. ஆனால் பெயர் ஒன்று என்பதால் ஆள் ஒன்று என்று முடிவு கட்டக் கூடாது. அது அந்தப் பக்கத்தில் தெருவுக்கு நால்வருக்கு உள்ள பெயர். ஊரில் விசாரித்தபோது இரண்டு குடும்பங்கள், ‘எங்கள் வீட்டிலிருந்துதான் ஒருவர் கப்பலில் போனார்’ என்றன. இரு வீட்டிலும் பொய் சொல்வதற்குக் காரணமே இல்லை. 1900-க்குப் பிந்தைய இறப்புப் பதிவேடு இருந்திருந்தால், அந்த மதகுக்காரர் எந்தத் தெருவில் எந்த ஆண்டு இறந்தார் என்று ஒரு வரியில் தெரிந்திருக்கும். அதைத்தான் கழிவில் போட்டோம். அம்மையார் இரண்டு வீட்டுப் பெரியம்மாக்களுக்கும் புடவை வாங்கி வைத்து வணங்கிவிட்டுப் போனார். தன் இரத்த உறவு எந்த வீடு என்பது தெரியாமலே போனார்.

அவருடைய மகனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் இங்கிலாந்தில் குடியேறியவர். மனைவி அங்கேயே பிறந்த ஆங்கிலப் பெண். பெட்ஃபோர்டுஷயர் கவுண்டியை (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது) சேர்ந்த விவசாயக் கூலிக் குடும்பம். இங்கிலாந்தில் கவுண்டி ஆவணக் காப்பகம் என்பதை முதன்முதலில் ஏற்படுத்தியது அந்தக் கவுண்டிதான், 1913-ல். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் ஒவ்வொரு பங்கும், அதாவது தேவாலய வட்டாரமும், எழுதி வைக்க வேண்டும் என்று 1538-ல் அரசாணை பிறந்த நாடு அது. நூறாண்டு கடந்த பங்குப் பதிவேடுகளைத் தகுந்த காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும், தேவாலயத்திலேயே வைத்துக்கொள்வதானால் ஆயரின் அனுமதி வேண்டும் என்று 1978-ல் விதி செய்தார்கள். பஞ்சைப் பராரிகளுக்கு எந்த ஊர் சோறு போட வேண்டும் என்ற வழக்கில் ஏழைகளை விசாரித்து எழுதிய வாக்குமூலங்களைக்கூட கவுண்டிக் காப்பகங்களில் வைத்திருக்கிறார்கள். எங்கே பிறந்தேன், யாரிடம் வேலை செய்தேன், யாரை மணந்தேன் என்று எழுதப் படிக்கத் தெரியாதவன் சொன்னது அப்படியே இருக்கும். அந்த மருமகள் காப்பகத்தில் உட்கார்ந்து தன் குடும்பத்தை 17-ஆம் நூற்றாண்டு வரை கண்டுபிடித்துவிட்டார்.

அவர்களுக்கு ஒரு மகள் இருக்கிறாள். அந்தக் குழந்தையின் தாய்வழி முன்னோரும் கூலிக்காரர்கள், தந்தைவழி முன்னோரும் கூலிக்காரர்கள். தாய்வழி வேர் முந்நூறு ஆண்டுக்கு மேல் ஓடுகிறது. தந்தைவழி வேர் 1880-களில் ஒரு கப்பல் தாளோடு நின்றுவிடுகிறது. நம் நாட்டில் எழுதவில்லை என்பதால் அல்ல. எழுதினோம், மாதா மாதம் எழுதினோம். காப்பாற்றவில்லை.

சென்னை எழும்பூரில் 1909-ல் எழுந்த கட்டடத்தில் இயங்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் நம் பெருஞ்செல்வம். ஆனால் அரசாணைகள், வருவாய் வாரிய நடவடிக்கைகள் போல மேலே போன காகிதம்தான் பெரும்பாலும் அங்கே இருக்கும். கிராமத்தில் எழுதி தாலுகாவோடு நின்றுபோன காகிதம் அங்கே போயிராது. அதற்கு அந்தந்த மாவட்டத்திலேயே இடம் வேண்டும். சில ஊர்களில் மாவட்ட அளவிலான ஆவண மையங்கள் உண்டு; எல்லா மாவட்டத்துக்கும் அது வர வேண்டும், பொதுமக்கள் உட்கார்ந்து பார்க்கும்படி வர வேண்டும். ஒரு பழைய அரசுக் கட்டடம், இரும்பு அலமாரிகள், கரையான் மருந்து, படி எடுக்கும் கருவி, பழைய கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த இருவர் போதும், தொடங்கிவிடலாம். ஒவ்வொரு கிராமத்துக்கும் அன்றைய பெயர், அன்றைய ஆங்கில எழுத்து, அன்றைய ஜில்லா, இன்றைய மாவட்டம் நான்கையும் ஒரே வரியில் காட்டும் பட்டியல் ஒன்றை முதலில் தயாரிக்க வேண்டும். வேறெதுவும் நடக்காவிட்டாலும் அந்தப் பட்டியல் ஒன்றே டர்பனிலும் மொரீஷியஸின் போர்ட் லூயிஸிலும் இருக்கிறவர்களுக்குப் பாதி வேலையை முடித்துவிடும். எழுபத்தைந்து ஆண்டு கடந்த எந்தப் பதிவேட்டையும் மாவட்ட மையத்துக்குத் தெரிவிக்காமல் கழிவில் போடக் கூடாது என்று ஆணையும் வேண்டும்.

அதிகாரிகள் ஏன் தயங்குகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். பழைய கணக்கை வெளியே காட்டினால் நில வழக்கு கிளம்பும் என்ற பயம். அது வெறும் பயமல்ல. ஒரு அடங்கல் நகலை வைத்துக்கொண்டு பங்காளிகள் வெட்டிக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு வழி உண்டு. வரலாற்றுத் தேவைக்கான நகல், உரிமை கோரப் பயன்படாது என்று ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை குத்திக் கொடுக்கலாம். நிலப் பதிவுகளை விடுத்து, பிறப்பு இறப்பு, ஊழிய மானியம் இவற்றிலிருந்து தொடங்கலாம்.

சாதிப் பத்தி இன்னொரு தயக்கம். பழைய கணக்குகளில் மனிதர்களை எழுதியிருக்கும் முறை பல இடங்களில் கூசச் செய்யும். நடாலுக்குப் போன பிறகு குடும்பப் பெயரை மாற்றிக்கொண்டு தலைநிமிர்ந்து வாழ்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இங்கே வந்து அந்தப் பத்தியைப் படிக்கும்போது, பக்கத்தில் நிற்கும் நம்மவர்கள் முகத்தைச் சுளிப்பதையும் கண்டிருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்தப் பத்தியை மறைக்கவும் வேண்டாம். அதுதான் அவர் ஏன் போனார் என்பதற்குப் பாதி விடை. கப்பலேறியவர் பசியிலிருந்து மட்டும் தப்பவில்லை.

இது வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு மட்டுமான வேலை என்று யாரும் நினைக்க வேண்டாம். நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளில் பாட்டனின் தந்தை பெயரைச் சொல்லத் தெரிந்தவர் எத்தனை பேர்? ஏரி மதகைத் திறந்தவர் யார், பஞ்சத்தில் யார் வீடு காலியானது, எந்தத் தெருவிலிருந்து சிலோன் தேயிலைத் தோட்டத்துக்கும் பினாங்குக்கும் நடாலுக்கும் ஆள் போனது என்பதெல்லாம் ஒவ்வொரு கிராமத்துக்கும் உரிய வரலாறு. ஆசிரியர்கள் மனம் வைத்தால் ஒரு வகுப்பு ஓராண்டில் ஓர் ஊரின் வீட்டு வரிசையை எழுதிவிடும்.

பழைய கணக்குப்பிள்ளை, மணியக்காரர் குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பரணில் சிவப்புத் துணிக் கட்டு இருந்தால் பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள். அரசிடம் கொடுக்கத் தயக்கமாக இருந்தால் படம் எடுக்கவாவது அனுமதியுங்கள். உங்கள் தாத்தாவின் கையெழுத்து அது. நூறு குடும்பங்களின் பெயர் அதில் இருக்கிறது.

பசலிக் கணக்கும் தமிழ் எண்களும் பின்னக் குறிகளும் படிக்கத் தெரிந்தவர்கள் எங்கள் தலைமுறையில் ஒரு சிலரே மிஞ்சியிருக்கிறோம். திருவண்ணாமலை, வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் எந்தக் கல்லூரியோ நூலகமோ ஓர் அறையும் கரும்பலகையும் கொடுத்தால், ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து கற்றுக்கொடுக்க ஆயத்தமாக இருக்கிறேன். ஊதியம் வேண்டாம். விருப்பமுள்ளவர்கள் தங்கள் நாளிதழ் வழியாக எனக்குத் தெரிவிக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர்,
போளூர், திருவண்ணாமலை மாவட்டம்.